ஓட்டும் மருந்தும் பலசரக்குக் கடையும்



கடனுக்குச் சரக்குக் கொடுப்பதும், பாக்கி ஏறினால் சரக்கை நிறுத்துவதும் நம் தொழிலில் அன்றாடம் நடப்பவை. ஆனால் வாக்காளர் பட்டியலில் ஆள் சேர்க்கிறார் என்பதற்காக ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு மொத்த வியாபாரிகள் சரக்கை நிறுத்திய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள பெல்சோனி என்ற சிற்றூர் அது. நடந்தது 1955-ல். அந்த மாநிலத்தில் ஓட்டுரிமைக்காகப் பாடுபட்ட தொண்டர்களின் வேலை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழைகளுக்கான மருத்துவ நிலையமாக வளர்ந்து, பிறகு அமெரிக்கா முழுவதும் பரவியது. இந்த வரலாற்றின் நெடுகிலும் நம்மைப் போன்ற கடைக்காரர்கள் வருகிறார்கள். ஆகவே இதை நம் இதழில் எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ஊர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டும். மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சமவெளியை டெல்டா என்பார்கள். கரிசல் போன்ற வளமான மண், முழுக்கப் பருத்தி. நிலம் வெள்ளைக்காரர் கையில். உழைப்பவர்கள் அடிமை வம்சத்தில் வந்த கறுப்பின மக்கள். வாரத்துக்குப் பயிர் செய்வார்கள். விதை, உரம், மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் பண்ணைக் கடையில் பற்று. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம், பல வருடங்களில் கடன்தான் மிஞ்சும். பேரேடு பண்ணையார் கையில் இருக்கும்போது கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களுக்குச் சட்டப்படி ஓட்டுரிமை இருந்தது. ஆனால் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமே! நம் நாட்டில் பட்டியல் தயாரிப்பது தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. வாக்குச்சாவடி அலுவலர் வீடு தேடி வருகிறார். அமெரிக்காவில் அன்று குடிமகனே போய்ப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. மிசிசிப்பியில் அப்படிப் போகிறவர், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்து அதற்குப் பொருள் எழுதிக் காட்ட வேண்டும். மொத்தம் 285 பிரிவுகள். எந்தப் பிரிவைக் கொடுப்பது, எழுதியது சரியா தவறா என்பதெல்லாம் பதிவாளர் இஷ்டம். வெள்ளைக்காரருக்கு நாலு வார்த்தையில் ஒரு பிரிவு, கறுப்பருக்கு வக்கீலும் திணறும் பிரிவு. போதாததற்கு வருடம் 2 டாலர் தலைவரி. 1962-ல் இன்னொரு விதி சேர்த்தார்கள்: விண்ணப்பித்தவர் பெயரை இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் போட வேண்டும். பார்த்தால் சாதாரண நடைமுறை போலிருக்கும். ஆனால் மறுநாள் காலையில் பண்ணையாருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் பாங்குக்காரருக்கும் பெயர் தெரிந்துவிடும். 1962-ல் அந்த மாநிலத்தில் வயது வந்த கறுப்பின மக்களில் பட்டியலில் இருந்தவர்கள் 6.7 சதவிகிதம்தான்.

பண்ணையில் கூலி வாங்குபவன் பெயர் கொடுத்தால் அன்றே வேலை போகும், குடிசையும் போகும். துணிந்து முன்னால் நிற்க முடிந்தவர்கள், யாரிடமும் சம்பளம் வாங்காதவர்கள்: சொந்த நிலக்காரர், பாதிரியார், வைத்தியர், சிறிய கடைக்காரர். பெல்சோனியில் இந்த வேலையைத் தொடங்கிய ஜார்ஜ் லீ, கஸ் கோர்ட்ஸ் இருவரும் பலசரக்குக் கடைக்காரர்கள். லீ போதகரும்கூட, ஒரு சிறிய அச்சகமும் வைத்திருந்தார்.

கடைக்காரரை வேலையை விட்டு நீக்க முடியாது. ஆகவே வேறு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று 1954 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டே மாதத்தில் மிசிசிப்பியின் இன்டியனோலா ஊரில், வெள்ளைக்காரப் பிரமுகர்கள் கூடிக் குடிமக்கள் கவுன்சில் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். பாங்கு அதிகாரி, பஞ்சாலைக்காரர், வியாபாரி எல்லோரும் அதில் இருந்தார்கள். அடிதடி தேவையில்லை, கடனை நிறுத்தினால் போதும் என்பது அவர்கள் வெளிப்படையாகவே சொன்ன வழி. அடமானக் கடனை உடனே கட்டச் சொல்வது, இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க மறுப்பது, சரக்கை நிறுத்துவது. கோர்ட்ஸுக்கும் அதுதான் நடந்தது. 1957-ல் அவர் அமெரிக்க செனட் குழுவின் முன் போய்த் தமக்கு நேர்ந்ததைச் சாட்சியமாகச் சொன்னார்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பருப்பும் தானியமும் மொத்தத்தில் விற்கிறவன் நான். பாக்கிக்காகச் சரக்கை நிறுத்துவது வியாபாரம். வேறெதற்காகவாவது நிறுத்தினால் அதற்கு வேறு பெயர். அந்த மொத்த வியாபாரிகள் எல்லோரும் மனமுவந்து செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கும் பாங்கு உண்டு, அந்த பாங்குக்காரர் கவுன்சிலில் இருப்பார். ஆனாலும் சரக்கை நிறுத்திய கை அவர்களுடையதுதான்.

லீயின் கதை இன்னும் கொடுமை. 1955 மே 7 இரவு, காரில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். முகத்திலிருந்த ஈயத் துண்டுகள் பல்லில் அடைத்த ஈயமாக இருக்கலாம் என்றார் ஷெரீப். ஒருவர் மீதும் வழக்கு நடக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 25-ம் தேதி கோர்ட்ஸைக் கடைக்குள் வைத்தே சுட்டார்கள். உயிர் தப்பினார். அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மவுண்ட் பேயூ என்ற ஊரின் ஆஸ்பத்திரியில். பிறகு அவர் சிகாகோவில் குடியேறினார்.

அந்த மவுண்ட் பேயூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1887-ல் ஐசையா மான்ட்கோமரி என்ற முன்னாள் அடிமையின் தலைமையில் கறுப்பின மக்களே உருவாக்கிய ஊர் அது. மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளில் கறுப்பருக்குப் பின்வாசல், தனி வார்டு; சிலவற்றில் அனுமதியே இல்லை. இதற்கு மாற்றாக, டேபர் சகோதர சங்கம் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தார் 1942-ல் இந்த ஊரில் 42 படுக்கைகளுடன் டேபோரியன் ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? பருத்தி எடுப்பவர்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் கட்டிய சந்தா. 1945-ல் பெரியவர் ஒருவருக்கு வருடச் சந்தா 8 டாலர் 40 சென்ட். அதற்கு 31 நாள் வரை ஆஸ்பத்திரியில் தங்கலாம், ஆபரேஷனும் சேர்த்து. சங்கம் நடத்திப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். எல்லோரும் ஒரே வருடத்தில் படுத்துவிட மாட்டார்கள் என்ற கணக்கில்தான் இப்படிப்பட்ட சந்தா ஓடும்.

அந்த ஆஸ்பத்திரியின் முதல் தலைமை சர்ஜன் டாக்டர் டி.ஆர்.எம். ஹோவர்ட். இவர் 1951-ல் ஒரு வட்டாரச் சங்கம் தொடங்கி, வாக்காளர் பதிவுக்கும் சுயதொழிலுக்கும் ஆள் திரட்டினார். லீயும் கோர்ட்ஸும் அதில் முக்கியமானவர்கள். கறுப்பருக்குக் கழிப்பறை தராத பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போடாதீர்கள் என்று கார்களில் ஒட்டுத்தாள் ஒட்டிய இயக்கம் இவர்களுடையது. பணம் கட்டுகிறவனுக்குக் கழிப்பறை கொடு என்பது நியாயமான கோரிக்கை. பல பங்குக்காரர்கள் வழிக்கு வந்தார்கள். பாங்குகள் கடனை இறுக்கியபோது, மெம்பிஸ் நகரில் கறுப்பர்கள் நடத்திய ட்ரை-ஸ்டேட் பாங்கில் நாட்டின் பல பாகங்களிலிருந்து சங்கங்களும் தனிநபர்களும் பணத்தை டெபாசிட் செய்தார்கள். நெருக்கடியில் சிக்கிய கடைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் அங்கிருந்து கடன் கிடைத்தது. மறியலைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. கடனை நிறுத்தி அடித்தவனுக்கு இன்னொரு இடத்தில் கடன் கொடுத்துப் பதில் சொன்னார்கள்.

கிளீவ்லாந்து என்ற ஊரில் பெட்ரோல் பங்கு வைத்திருந்த அம்சி மூர் என்பவரையும் மறக்கக் கூடாது. 1960-ல் நியூயார்க்கிலிருந்து வந்த பாப் மோசஸ் என்ற இளைஞரிடம், ஓட்டலில் சரிசமமாக உட்காருவதைவிட இங்கே அவசரம் வாக்காளர் பதிவுதான் என்று எடுத்துச் சொன்னவர் அவர். பிறகு கல்லூரி மாணவர்களான தொண்டர்கள் வரத் தொடங்கினார்கள்.

அவர்கள் வேலை எப்படி நடந்தது என்றால், மாயாஜாலம் ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போவது. திண்ணையில் உட்கார்ந்து பேசுவது. பதிவாளர் கேட்கும் பாரத்தை எழுதப் பழக்குவது. ஐந்தாறு பேரைச் சேர்த்துக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவது. நம் சங்கத்துக்கு உறுப்பினர் சேர்க்கக் கடைகடையாக ஏறியவர்களுக்குத் தெரியும்: முதல் தடவை ‘பார்க்கலாம்’ என்பார்கள், இரண்டாம் தடவை டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள், மூன்றாம் தடவைதான் பேச்சே ஆரம்பமாகும். அங்கே மூன்றாம் தடவைக்குள் துப்பாக்கிக்காரனும் வந்துவிடுவான். 1962 ஆகஸ்டில் ஃபானி லூ ஹேமர் என்ற பெண்மணி இன்டியனோலாவுக்குப் பதியப் போனார். 18 வருடம் வேலை செய்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் லெஃப்ளோர் கவுண்டி நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. மத்திய அரசு இலவசமாகக் கொடுத்துவந்த உணவுப் பொருள் வினியோகத்தை நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் சுமார் 22,000 பேர். பதிவு இயக்கத்துக்குப் பழிவாங்கல்தான் இது. தொண்டர்கள் வடக்கேயிருந்து உணவு திரட்டினார்கள். நகைச்சுவை நடிகர் டிக் கிரெகரி விமானம் அமர்த்திச் சுமார் 7 டன் உணவுப் பொருள் கொண்டுவந்தார். மிச்சிகனிலிருந்து லாரியில் உணவும் மருந்தும் கொண்டுவந்த இரண்டு மாணவர்களை, போதைப் பொருள் வைத்திருந்தார்கள் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். அரிசி மூட்டைக்காக வரிசையில் நிற்பவரிடம், இந்தச் சோற்றை நிறுத்தியவர் யார், அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது யார் ஓட்டு என்று பேசுவது தொண்டர்களுக்கு எளிதாயிற்று. நிர்வாகம் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு.

1964 கோடையில் சுமார் ஆயிரம் தொண்டர்கள் மிசிசிப்பிக்கு வந்தார்கள். ஜூன் 21-ல் சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் காணாமல் போனார்கள். ஆகஸ்டு 4-ல் ஒரு மண் அணைக்கடியில் அவர்கள் உடல்கள் கிடைத்தன. அந்தக் கோடையில் பதியப் போன கறுப்பின மக்கள் சுமார் 17,000 பேர். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,600. பத்துக்கு ஒன்று! வரவு செலவு பார்க்கிற கண்ணுக்கு இது படுநஷ்டம். ஆனால் நிராகரிக்கப்பட்டவர்களின் பாரங்களே பிறகு வாஷிங்டனில் சாட்சியாயின. 1965 ஆகஸ்டு 6-ல் ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. பொருள் எழுதச் சொல்லும் பரீட்சை ஒழிந்தது. 1967-க்குள் மிசிசிப்பியில் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 59.8 சதவிகிதமானார்கள்.

இனி மருந்துக்கு வருவோம்.

தொண்டர்கள் அடிபட்டால் பார்க்க உள்ளூர் டாக்டர்கள் தயங்கினார்கள். ஆகவே 1964-ல் நியூயார்க் டாக்டர்கள் மனித உரிமைகளுக்கான மருத்துவக் குழு என்று ஒன்று அமைத்து, சுமார் நூறு டாக்டர், நர்சுகளை அனுப்பினார்கள். மிசிசிப்பி லைசென்ஸ் இல்லாததால் அவர்களால் முதலுதவிக்கு மேல் செய்ய முடியாது. கைகட்டி நின்ற அந்த நேரத்தில்தான் ஊரைப் பார்த்தார்கள். இயந்திரமும் களைக்கொல்லியும் வந்து பருத்தி வேலை போயிருந்தது. பட்டினி. குடிநீர் வாய்க்காலில். பிறந்த குழந்தைக்குப் பால் இல்லை. வந்தவர்களில் ஒருவர் டாக்டர் ஜாக் கைகர். தென்னாப்பிரிக்காவில் ஃபோலேலா என்ற இடத்தில் கிராம சுகாதார நிலையம் நடந்த முறையை மாணவராக இருந்தபோது பார்த்தவர். அதே மாதிரியை இங்கேயும் செய்யலாம் என்று மத்திய அரசின் வறுமை ஒழிப்பு அலுவலகத்துக்குத் திட்டம் கொடுத்தார். 1965 டிசம்பரில் பாஸ்டனில் ஒன்று, 1967-ல் மவுண்ட் பேயூவில் ஒன்று திறக்கப்பட்டன. கிணறு தோண்டினார்கள், கழிப்பிடம் கட்டினார்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். உள்ளூர் மக்களைக் கொண்டே சுகாதாரக் குழு அமைத்து, என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். அவர்கள் கேட்டது முதலில் சாப்பாடு.

நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய கட்டம் இது. சத்துக்குறைவில் கிடந்த குழந்தைகளுக்கு டாக்டர்கள் மருந்துச் சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் கறுப்பர்கள் நடத்திய பலசரக்குக் கடைகளோடு பேசி ஒரு ஏற்பாடு. சீட்டைக் காட்டினால் கடைக்காரர் சரக்கைக் கொடுத்துவிட்டு, பில்லை மருத்துவ நிலையத்துக்கு அனுப்புவார். மருந்துக் கணக்கிலிருந்து பணம் வரும். விஷயம் வாஷிங்டனுக்கு எட்டியதும் அதிகாரி விசாரிக்க வந்தார். நோய்க்கு மருந்து வாங்கத்தானே மருந்துக் கணக்கு, பாடப் புத்தகப்படி சத்துக்குறைவுக்கு மருந்து உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார். அதிகாரியால் மேலே பேச முடியவில்லை. பிறகு ஊர்மக்கள் கூட்டுறவுப் பண்ணை வைத்துக் காய்கறி விளைவித்தார்கள். சரக்கை நிறுத்தி ஒரு கடைக்காரரை மிரட்டிய அதே டெல்டாவில், பன்னிரண்டு வருடம் கழித்து இன்னும் பல கடைக்காரர்களின் கல்லாவில் டாக்டர் சீட்டுகள் சேர்ந்தன.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிகளின் பின்வாசலும் மூடப்பட்டது. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1966 ஜூலை 1-ல் தொடங்கியபோது, நிறப் பாகுபாடு பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பணம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. சொன்னபடி செய்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் போனார்கள். மருத்துவக் குழுவின் தொண்டர்களும் குறைகளைத் திரட்டி அனுப்பினார்கள். வருடக்கணக்கில் வழக்காடியும் மாறாத பல ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் மாறின. பில் பாஸாகாது என்றால் யாருக்கும் புத்தி சீக்கிரம் வரும்.

பாஸ்டனிலும் மவுண்ட் பேயூவிலும் தொடங்கிய முறையில் இன்று அமெரிக்கா முழுவதும் சமூக சுகாதார நிலையங்கள் நடக்கின்றன. வருடத்துக்கு 3 கோடிப் பேருக்கு மேல் அவற்றில் வைத்தியம் பெறுகிறார்கள். வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம். 1993-ல் வந்த வாக்காளர் பதிவுச் சட்டத்தின்படி, டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில் மட்டுமன்றி, ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் அலுவலகத்திலும் வாக்காளர் பதிவுப் பாரம் கொடுக்க வேண்டும். மருந்தும் ஓட்டும் ஒரே கவுண்டரில்.

மிசிசிப்பியில் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. மெடிகெய்டை வேலை செய்யும் ஏழைகளுக்கும் விரிவாக்க 2010-ல் சட்டம் வந்தது. அதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் வாதியாக நின்ற அமைப்புகளில் ஒன்று சிறு வியாபாரிகளின் தேசிய சம்மேளனம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. மிசிசிப்பி ஏற்கவில்லை. கையெழுத்து வாங்கி மக்கள் ஓட்டுக்கு விட்டு மெயின், ஐடஹோ, மிசூரி போன்ற மாநிலங்களில் விரிவாக்கம் வந்ததைப் பார்த்து, மிசிசிப்பியிலும் 2021-ல் தொண்டர்கள் அதற்கு மனுத் தயாரித்தார்கள்.

அந்த ஆண்டு மே 14-ல், வேறொரு மனு பற்றிய வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலும் ஐந்தில் ஒரு பங்கு வீதம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். 2000-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குக்குப் பிறகு அந்த மாநிலத்துக்கு நான்கு தொகுதிகள்தான். இல்லாத ஐந்தாவது தொகுதியில் கையெழுத்து வாங்க முடியாது. ஆகவே எந்த மனுவும் செல்லாது. மெடிகெய்ட் மனுவைத் தொண்டர்கள் நிறுத்திவைத்தார்கள். 2024-ல் சட்டசபையின் இரு அவைகளும் விரிவாக்கத்துக்குத் தனித்தனி மசோதா நிறைவேற்றின. இரண்டையும் ஒன்றாக்குவதில் உடன்பாடு வராமல் மே மாதம் இரண்டுமே காலாவதியாயின.